தேடி வரும் மருத்துவம் கம்பெனி கேட்டைத் தாண்டுமா? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிலாளர்களுக்கு என்ன கிடைக்கும், எங்கே இடிக்குது?

காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பெண் தொழிலாளர் விடுதி 2024 ஆகஸ்ட் 17-ம் தேதி திறக்கப்பட்டது. 20 ஏக்கர் நிலம், ரூ.706.50 கோடி செலவு. ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்கள் 18,720 பேர் இங்கே தங்கலாம்.

இந்த எண்ணை சுகாதாரத் துறையின் கணக்கோடு வைத்துப் பாருங்கள். சமவெளிப் பகுதியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பதுதான் நாடு முழுக்க உள்ள விதி. அப்படிப் பார்த்தால் இந்த ஒரு விடுதிக்கே மூன்றரை துணை சுகாதார நிலையத்துக்கு மேல் தேவைப்படும். ஆனால் அந்த விதியில் வரும் "5,000 பேர்" என்பது ஊரில் வீடு வைத்துக் குடியிருக்கும் மக்கள்தொகை. திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு, வல்லத்தில் ஷிஃப்ட் பார்க்கும் 20 வயதுப் பெண் அந்தக் கணக்கில் எந்த ஊர் ஆள்?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழில் பகுதியில் எந்த சுகாதாரத் திட்டம் வந்தாலும் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான்.

மாநிலத் திட்டம் என்ன சொல்கிறது?

2020-ல் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட 'ஸ்டெப்ஸ்' ஆய்வு ஒரு அதிர்ச்சியான தகவலைத் தந்தது. பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 17.6 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய். அதைவிட முக்கியம், பிபி உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சுகர் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும் மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. நோய் இருப்பதே தெரியாதவர்கள் பலர். தெரிந்தும் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் மிச்சம்.

இதற்கான பதில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மகளிர் சுய உதவிக் குழுக்களில் இருந்து தேர்வு செய்யப்பட்ட பெண் தன்னார்வலர்கள் பிபி கருவி, சுகர் கருவியோடு வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். நோய் உறுதியானால் மாத்திரையும் வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் வருவார்கள். 2024-ல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

கிராமத்தில் இது வேலை செய்யும். காலையில் போனால் வீட்டில் யாராவது இருப்பார்கள். ஸ்ரீபெரும்புதூரில் வாடகைக்கு எடுத்த அறையின் கதவைப் பகல் 11 மணிக்குத் தட்டினால் இரண்டே வாய்ப்பு. பூட்டியிருக்கும், இல்லை நைட் ஷிஃப்ட் முடித்தவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அதனால்தான் 2024 ஜனவரியில் இதே திட்டத்தின் இன்னொரு கிளையாக 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' அம்பத்தூரில் உள்ள ஒரு தொழிற்சாலையில் தொடங்கப்பட்டது. 711 தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் 8.35 லட்சம் தொழிலாளர்களை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே பரிசோதிப்பது இலக்கு. யோசனை சரியானது. வீட்டில் கிடைக்காத ஆளை வேலை பார்க்கும் இடத்தில் பிடித்துவிடலாம்.

அப்போ சிக்கல் எங்கே?

முதல் சிக்கல் லைன். அசெம்பிளி லைனில் ஒருவர் எழுந்து போனால் அந்த இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். பிபி பார்த்து, விரலில் ஊசி குத்தி சுகர் பார்த்து, பெயர் பதிந்து வர எப்படியும் பத்து நிமிடம் ஆகிவிடும். டீ பிரேக்கில் அனுப்பினால் டீயும் இல்லை, டாய்லெட்டும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து அனுப்பினால் கம்பெனி பஸ் போய்விடும். எனவே பரிசோதனைக்குப் போகும் நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்படும் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தால்தான் முகாமுக்குக் கூட்டம் வரும். 2025 ஆகஸ்ட் 2-ம் தேதி தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களுக்கும் இதே சோதனைதான். மாநிலம் முழுக்க 1,256 முகாம், 17 வகை சிறப்பு மருத்துவம் என்று பெரிய ஏற்பாடு. ஆனால் நாள் சனிக்கிழமை. ஒரகடத்தில் சனிக்கிழமை பல கம்பெனிகளுக்கு வேலை நாள்.

இரண்டாவது, ரிசல்ட் யார் கைக்குப் போகிறது என்பது. சுகர் இருக்கு, டிபி இருக்கு என்று ஹெச்ஆருக்குத் தெரிந்தால் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்களோ என்ற பயம் தொழிலாளருக்கு இயல்பாகவே வரும். பயந்தவர் பரிசோதனைக்கே வர மாட்டார். ரிசல்ட் தொழிலாளரின் கையிலும் சுகாதாரத் துறையின் பதிவிலும் மட்டும் இருக்க வேண்டும். கம்பெனிக்கு மொத்த எண்ணிக்கை தெரிந்தால் போதும்.

மூன்றாவது வயது. இதைப் பலரும் பேசுவதில்லை. தொற்றா நோய்த் திட்டங்கள் பொதுவாக 30 வயதுக்கு மேல் உள்ளவர்களை மனதில் வைத்து உருவானவை. 2025 நவம்பர் 21-ம் தேதி முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் வரும் ஆண்டு இலவச உடல் பரிசோதனையும் 40 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளின் லைனில் நிற்பவர்களோ பெரும்பாலும் 20-களில் இருப்பவர்கள். அவர்களுக்கு பிபி நார்மல், சுகர் நார்மல் என்று வரும். முகாம் வெற்றி என்று ரிப்போர்ட் போய்விடும்.

அந்த வயதுப் பெண்ணுக்கு உண்மையில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு பஸ் ஏறும் பெண்ணுக்கு, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை. டாய்லெட் போக லைனில் ஆள் மாற்ற வேண்டும் என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரும். மாதவிடாய்க் கோளாறு, முதுகு வலி, தூக்கமின்மை, ஊரை விட்டு வந்த தனிமை எல்லாம் இருக்கும். பிபி கருவியில் இதில் எதுவும் தெரியாது. மாநிலத் திட்டத்தின் பட்டியலை அப்படியே எடுத்து வராமல், ஹீமோகுளோபின் பரிசோதனையையும் இரும்புச்சத்து மாத்திரையையும் மனநல ஆலோசனையையும் சேர்ப்பதுதான் இந்தப் பகுதிக்கு ஏற்றபடி திட்டத்தை மாற்றுவது. செலவும் பெரிதாக இல்லை.

நான்காவது, அடுத்த மாத மாத்திரை. ஒருவருக்கு 34 வயதில் பிபி கண்டுபிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத மாத்திரை கம்பெனியில் கிடைக்கும். மூன்றாவது மாதம் லேபர் கான்ட்ராக்டர் அவரை வேறு கம்பெனிக்கு மாற்றிவிடுகிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் 20 நாள் கழித்து வருகிறார், அல்லது வராமலே போகிறார். அவருடைய பதிவு எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும்? கம்பெனி இருக்கும் ஊரிலா, அறை இருக்கும் ஊரிலா, சொந்த ஊரிலா? 14 இலக்க 'ஆபா' எண் இருந்தால், எந்த ஊரில் மாத்திரை வாங்கினாலும் பழைய பதிவைத் தொடர வழி உண்டு. அதைப் பரிசோதனை நாளிலேயே போட்டுக் கொடுப்பது நல்லது.

சரி, இஎஸ்ஐ இருக்கே?

இருக்கு. இந்தப் பகுதியில் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு முதல் பாதுகாப்பே அதுதான். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ கட்டாயம். சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளரிடம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் கம்பெனி கட்டும். குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவம் கிடைக்கும். உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் பணமாக வரும். பிரசவத்துக்கு 26 வாரம். வேலையில் அடிபட்டால் குணமாகும் வரை 90 சதவீதம்.

ஆனால் சின்னக் காய்ச்சலுக்கு டிஸ்பென்சரி, பெரிய பிரச்சினைக்கு சென்னை கே.கே.நகர் இஎஸ்ஐ மருத்துவமனை என்று அலைவதுதான் இந்தப் பகுதித் தொழிலாளர்களின் பழக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை சுமார் 40 கி.மீ. போய்வர ஒரு நாள் சம்பளம் போகும். ஸ்ரீபெரும்புதூருக்கென 100 படுக்கை கொண்ட இஎஸ்ஐ மருத்துவமனைக்கு 2022-ல் அடிக்கல் நாட்டப்பட்டது இந்த அலைச்சலுக்காகத்தான். டிஸ்பென்சரி பகலில் இயங்கும். ஜெனரல் ஷிஃப்ட் பார்ப்பவர் லீவு போட்டால்தான் டாக்டரைப் பார்க்க முடியும். அதனால் 300 ரூபாய் கொடுத்து பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதே லாபம் என்று பலர் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

21 ஆயிரத்தைத் தாண்டினால் என்ன ஆகும்?

இங்கேதான் பெரிய ஓட்டை. இன்க்ரிமென்ட் கிடைத்து சம்பளம் ரூ.22,000 ஆகிவிட்டால், அந்தப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல் - செப்டம்பர், அக்டோபர் - மார்ச்) முடியும் வரை இஎஸ்ஐ தொடரும். அதன் பிறகு பிடித்தமும் நிற்கும், மருத்துவ உரிமையும் படிப்படியாக முடிந்துவிடும். இந்த ரூ.21,000 வரம்பு 2017 ஜனவரி 1-ல் வைக்கப்பட்டது.

"அப்போ முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாமே" என்று தோன்றும். முடியாது. அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் ரூ.10,000. மாதம் 22,000 வாங்கும் ஒருவர் இஎஸ்ஐக்குப் பணக்காரர், முதலமைச்சர் காப்பீட்டுக்கும் பணக்காரர். கம்பெனி தனியாகக் குழுக் காப்பீடு எடுத்திருந்தால் தப்பித்தார். இல்லையென்றால் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றதும் கடன்தான். சம்பள உயர்வு லெட்டர் கையில் வாங்கும்போதே "இனி மெடிக்கல் இன்சூரன்ஸ் என்ன?" என்று ஹெச்ஆரிடம் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஒரே லைன், நாலு விதமான ஆள்

ஒரு லைனில் நாலு பேர் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரே யூனிஃபார்ம், ஒரே வேலை. ஆனால் கையில் அடிபட்டால் நாலு பேருக்கும் நாலு வழி.

நிரந்தரத் தொழிலாளருக்குக் கம்பெனி பெயரில் இஎஸ்ஐ, அல்லது குழுக் காப்பீடு. கான்ட்ராக்ட் தொழிலாளருக்கு இஎஸ்ஐ உண்டு, ஆனால் கட்ட வேண்டியவர் கான்ட்ராக்டர். அவர் கட்டாவிட்டால் கட்டும் பொறுப்பு முதன்மை நிறுவனத்துக்கு உண்டு. அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பயிற்சிக்கு எடுக்கப்பட்டவர் இஎஸ்ஐ சட்டப்படி 'ஊழியர்' கிடையாது. லைனில் பாதி நேரம் இவர்தான் நிற்பார் என்றாலும் காகிதத்தில் அவர் கற்றுக்கொள்பவர். அடிபட்டால் இழப்பீட்டுச் சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். சாதாரணக் காய்ச்சலுக்கு அரசு மருத்துவமனை.

நாலாவது ஆள் ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ வந்தவர். சம்பளப் பட்டியலில் இருந்தால் இவருக்கும் இஎஸ்ஐ உரிமை முழுமையாக உண்டு. தமிழ்நாட்டில் 6 மாதத்துக்கு மேல் தங்கியிருப்பவர் தொழிலாளர் துறையின் சான்றோடு முதலமைச்சர் காப்பீட்டிலும் சேரலாம். பெயர் எழுதத் தெரிந்த ஆள் இருந்தும், ஓபியில் அவர் சொல்வதைப் புரிந்துகொள்ள ஆள் இல்லாமல் திரும்பிப் போவதுதான் நடைமுறைத் தொல்லை. இந்தி, ஒடியா தெரிந்த ஒரு தன்னார்வலரை அந்தத் தொழிலாளர்களிலிருந்தே எடுக்கலாம். கிராமத்தில் சுய உதவிக் குழுப் பெண்ணை எடுத்ததும் இதே காரணத்துக்காகத்தானே.

2021 டிசம்பர் சொல்லிக் கொடுத்தது

மருத்துவம் என்றால் டாக்டரும் மாத்திரையும் மட்டும் இல்லை என்பதை இந்தப் பகுதி ஒருமுறை கடுமையாகவே பார்த்தது. ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு தனியார் விடுதியில் 2021 டிசம்பரில் உணவு நஞ்சானது. 250 பேருக்கு மேல் பாதிப்பு, 159 பேர் மருத்துவமனையில். சக தொழிலாளிகள் என்ன ஆனார்கள் என்ற தகவலே சரியாக வராத நிலையில், ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மூடப்பட்ட தொழிற்சாலை 2022 ஜனவரி 12-ம் தேதிதான் மறுபடி திறந்தது.

கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்கள் நோயாளியானது தொழிற்சாலைக்குள் இல்லை, விடுதியில். தொழிற்சாலைக்குள் போகும் ஆய்வாளர் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தைச் சேர்ந்தவர். விடுதிச் சமையலறை உணவுப் பாதுகாப்புத் துறையின் கையில். விடுதியின் தண்ணீரும் கழிவுநீரும் உள்ளாட்சி. காய்ச்சல் கணக்கு சுகாதாரத் துறை. இஎஸ்ஐ டிஸ்பென்சரி தொழிலாளர் நலத் துறை, கே.கே.நகர் மருத்துவமனையோ மத்திய அரசின் இஎஸ்ஐ கழகம். இதில் ஒருவர் பதிவேடு இன்னொருவருக்குத் தெரியாது.

போதாததற்கு 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள்கோவில் போகும் ஒரே சாலை, காஞ்சிபுரத்தில் தொடங்கி செங்கல்பட்டு மாவட்டத்தில் முடிகிறது. நோய்க்கு மாவட்ட எல்லை தெரியாது. ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கும் இடத்தில் ஒருவருக்கு டிபி வந்தால், அறை ஒரு மாவட்டத்திலும் கம்பெனி இன்னொரு மாவட்டத்திலும் இருக்க வாய்ப்புண்டு. மற்ற ஏழு பேரைப் பரிசோதிக்க யார் போவது? இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவாக, விடுதிகள், கான்ட்ராக்டர் ஷெட்டுகள், வாடகைக் குடியிருப்புகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்வது ஆட்சியர்கள் அளவிலேயே முடிக்கக்கூடிய வேலை. புதுத் திட்டமோ புது நிதியோ வேண்டியதில்லை.

சின்ன கம்பெனிகள் கதி?

500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நர்ஸ், மருத்துவரோடு ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டம் முதலே இருக்கும் விதி. அதற்குக் கீழே 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. பெரிய கார் கம்பெனிக்குள் நல்ல மருத்துவ மையமே இருக்கும். அந்த கார் கம்பெனிக்கு பிராக்கெட்டும் போல்ட்டும் செய்து தரும், 60 பேர் வேலை பார்க்கும் பிரஸ் ஷாப்பில் விரல் போகும் ஆபத்து அதிகம், அங்கே பெட்டி மட்டும். பக்கத்துப் பக்கத்தில் உள்ள பத்து சிறிய யூனிட்டுகளுக்குச் சேர்த்து சிப்காட் வளாகத்துக்குள் ஒரு பொது மருத்துவ மையம், இரவிலும் ஒரு நர்ஸ் என்று யோசிக்கலாம். 'தொழிலாளரைத் தேடி' திட்டம் பெரிய கேட்டுகளோடு நின்றுவிட்டால், அதிகம் தேவைப்படுபவர்களுக்கு அது போய்ச் சேராது.

பஸ்ஸில் போகும்போது விபத்து நடந்தால்?

ஒரகடம் சந்திப்பு வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடம். கன்டெய்னர் லாரி, ஷிஃப்ட் பஸ், பைக் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே சாலையில். இங்கே இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்று, 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48'. ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்திருந்த அதே 2021 டிசம்பர் 18-ம் தேதிதான் மேல்மருவத்தூரில் இது தொடங்கப்பட்டது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இலவசம். தொடக்கத்தில் ரூ.1 லட்சமாக இருந்த வரம்பு பிறகு ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது. காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு எதுவும் கேட்கக் கூடாது. வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.

இரண்டு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு இருப்பது உறுதியானால், இஎஸ்ஐ வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ளும். 2010 திருத்தத்தில் வந்தது இது. பலர் இதைக் கேட்பதே இல்லை. விபத்து பற்றித் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் கம்பெனி இஎஸ்ஐக்கு விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினார்களா என்று நண்பர்கள் மூலமாவது கேட்டு, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஃப்ஐஆர், ஷிஃப்ட் நேரம் தெரியும் அட்டெண்டன்ஸ் விவரம் இரண்டும் பின்னால் உதவும்.

இப்போதே செய்யக்கூடியது

பே ஸ்லிப்பை எடுத்து இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்தம் இருந்தால் 10 இலக்கக் காப்பீட்டு எண் இருக்கும். அதை போனில் சேமித்து, வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். குடும்ப உறுப்பினர் பெயர், எந்த டிஸ்பென்சரி என்ற விவரம் பழைய ஊரிலேயே இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பிடித்தம் செய்துவிட்டு எண் தரவில்லை என்றால் இஎஸ்ஐ கழகத்தின் கட்டணமில்லா எண் 1800-11-2526-ல் கேட்கலாம்.

டிபி உறுதியானால் மருந்து இலவசம், சிகிச்சை முடியும் வரை மாதம் ரூ.1,000 ஊட்டச்சத்து உதவி வங்கிக் கணக்குக்கு வரும். இஎஸ்ஐயில் நீண்ட நாள் நோய் விடுப்புக்கும் டிபி தகுதியானது. எனவே வேலை போய்விடும் என்று மறைக்கத் தேவையில்லை. மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை என்றால் 14416. மருத்துவ ஆலோசனைக்கு 104. ஆம்புலன்ஸுக்கு 108, ஒரகடம் போன்ற இடத்தில் கூப்பிடும்போது கம்பெனி பெயரோடு எந்த கேட், எந்தச் சாலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரே கம்பெனிக்கு மூன்று கேட் இருக்கும் ஊர் இது.